மின்னணு கியர் சரியாக மாறவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கேபிள் கியரில் பழுது முதலில் விரலுக்குத் தெரியும். கேபிளில் துரு ஏறினால் லீவர் கனக்கும், உறை நசுங்கினால் இழுவை மந்தமாகும். மின்னணு கியரில் அந்தச் செய்தி விரலை எட்டாது. புத்தம்புது சைக்கிளிலும், ஹேங்கர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டீரெய்லரை ஃபிரேமோடு பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) வளைந்து செயின் தேய்ந்த சைக்கிளிலும் பொத்தான் ஒரே மாதிரிதான் 'டிக்' என்னும். இதனால் பலர் ஆப்பைத் திறந்து அமைப்புகளை மாற்றத் தொடங்குகிறார்கள், அல்லது பேட்டரி மீது பழியைப் போடுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் வீண் வேலை.

மோட்டார் தனக்குச் சொல்லப்பட்ட தூரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக நகர்த்தும். கேபிளைப் போல நாளாக ஆகத் தளராது. ஆகவே, மோட்டார் நகர்ந்தும் கியர் ஒழுங்காக விழவில்லை என்றால், கோளாறு அநேகமாக உலோகத்தில்தான் இருக்கும்: ஹேங்கர், செயின், கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு), ஸ்க்ரூ, சக்கரம். மோட்டார் நகரவே இல்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு: பேட்டரி, இணைப்பு, அல்லது பாதுகாப்புப் பூட்டு.

அதனால் முதல் வேலை கேட்பது. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி சைக்கிளைத் தூக்கி நிறுத்துங்கள். ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் பொத்தானை அழுத்துங்கள். 'ஸ்ஸ்ட்' என்ற சிறிய மோட்டார் ஒலி கேட்கிறதா? விளக்கு எரிகிறதா? கோளாறு முன்னாலா, பின்னாலா, ஒரு பக்க லீவரில் மட்டுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே ஆலன் கீயைக் கையில் எடுங்கள்.

கீழே உள்ளவை ஷிமானோவின் டிஐ2, ஸ்ராமின் ஈடேப், ஏஎக்ஸ்எஸ் ஆகிய மின்னணு கியர் அமைப்புகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. உலோகம் சார்ந்த பகுதிகள் காம்பக்னோலோ நிறுவனத்தின் கியருக்கும் பொருந்தும்.

எதுவும் அசையவில்லை, விளக்கும் இல்லை

பேட்டரி காலி, அல்லது பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்து சேரவில்லை.

டிஐ2-வில் முன், பின் டீரெய்லர்களுக்கு ஒரே பேட்டரி. பெரும்பாலும் அது சீட்போஸ்ட்டுக்குள் (இருக்கையைத் தாங்கும் குழாய்) இருக்கும். 11-வேக அமைப்பில் ஏதாவது ஒரு கியர் பொத்தானை அரை வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், ஸ்டெம்முக்குக் கீழோ ஹேண்டில்பார் முனையிலோ உள்ள இணைப்புப் பெட்டியில் அளவு தெரியும். 2021-இல் வந்த 12-வேக டூரா-ஏஸ், அல்டெக்ரா, 2022-இல் வந்த 105 ஆகியவற்றில் இணைப்புப் பெட்டி கிடையாது. பின் டீரெய்லரில் உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும், சார்ஜ் துளையும் அங்கேதான். நிலையான பச்சை என்றால் பாதிக்கு மேல், மினுக்கும் பச்சை என்றால் பாதிக்குக் கீழ், நிலையான சிவப்பு என்றால் கால் பங்குக்குக் குறைவு. மினுக்கும் சிவப்பு என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

சார்ஜ் ஏற்றிய பிறகும் உயிர் வரவில்லையா? சமீபத்தில் சீட்போஸ்ட்டை யாராவது வெளியே இழுத்தார்களா என்று யோசியுங்கள். உயரத்தை மாற்றும்போதோ பயணத்துக்காகச் சைக்கிளைப் பெட்டியில் அடைக்கும்போதோ பேட்டரியின் அடியில் உள்ள வயர் பாதி கழன்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் செருகியபடியே தெரியும், ஆனால் தொடர்பு இருக்காது. இந்த வயர்களைக் கையால் அழுத்திச் செருகுவது போதாது. அதற்கென்று ஒரு சிறிய பிளாஸ்டிக் கருவி உண்டு, 11-வேக வயருக்கு டிஎல்-ஈடபிள்யூ02, 12-வேக வயருக்கு டிஎல்-ஈடபிள்யூ300. 'க்ளிக்' கேட்கும் வரை கருவியால் தள்ளுங்கள். 11-வேகத்தின் எஸ்டி50 வயரும் 12-வேகத்தின் எஸ்டி300 வயரும் தடிமனிலேயே வேறு. ஒன்றை மற்றொன்றின் துளையில் திணிக்கப் பார்க்காதீர்கள்.

இன்னும் இருட்டாகவே இருந்தால் கழித்துப் பார்க்கும் முறைதான் வழி. வயரில் இணைந்த அமைப்பு என்றால் பேட்டரி, ஒரு லீவர், பின் டீரெய்லர் மூன்றை மட்டும் இணைத்துப் பாருங்கள். வேலை செய்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்க்கும்போது அமைப்பு செத்துப்போகிறதோ, அந்த வயரோ அந்தப் பாகமோதான் குற்றவாளி. மற்ற வயர்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு நல்ல கையிருப்பு வயர் ஒன்று இருந்தால் வேலை எளிது.

ஸ்ராமில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பேட்டரி, இரண்டும் ஒரே வகை. பின்பக்கம் செத்துவிட்டால் முன்பக்கத்துப் பேட்டரியைக் கழற்றி அங்கே மாட்டுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் பேட்டரி குற்றமற்றது. தொடர்பு முனைகளில் உப்போ எண்ணெயோ படிந்திருக்கிறதா பார்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். நடுவழியில் பின்பேட்டரி தீர்ந்தாலும் இதே மாற்று வேலை உங்களை வீடு சேர்க்கும். முன்னால் ஒரே செயின்ரிங்கில் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

விளக்கு எரிகிறது, பின் டீரெய்லர் நகரவில்லை

சைக்கிள் விழுந்ததா? சாத்தி வைத்தது சரிந்து வலப்பக்கம் மோதியதா? டிஐ2-வின் பின் டீரெய்லர் பலமான அடி வாங்கினால் மோட்டாரையும் இணைப்புக் கரத்தையும் தானாகப் பிரித்துவிடும். மோட்டாரைக் காப்பாற்றச் செய்யப்பட்ட பாதுகாப்புப் பூட்டு இதுதான். ஆனால் பார்ப்பவருக்கு டீரெய்லர் செத்துப்போனதுபோலவே தோன்றும்.

இணைப்புப் பெட்டி உள்ள அமைப்பில், பெட்டியின் பொத்தானை ஐந்து வினாடிக்கு மேல், சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கும் வரை அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு பெடலைச் சுற்றியபடி கியரை மேலும் கீழும் மாற்றுங்கள். டீரெய்லர் ஒரு முழுச் சுற்று நகர்ந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 12-வேகத்தில் பின் டீரெய்லரின் பொத்தானிலேயே இந்த மீட்பு உண்டு. எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதை அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். அந்த ஒரே பொத்தானுக்கு அழுத்தும் நேரத்தைப் பொறுத்துப் பல வேலைகள்.

மீண்டும் ஓடத் தொடங்கியதும் நிம்மதியாகக் கிளம்பிவிட வேண்டாம். பூட்டு விழும் அளவுக்கு அடி பட்டிருந்தால் ஹேங்கரும் வளைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வளைந்த ஹேங்கரோடு மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லர் ஆரக்கம்பிகளுக்குள் போகலாம். அதன் பிறகு எந்தப் பொத்தானாலும் மீட்க முடியாது.

இன்னொரு காரணம் அற்பமானது, ஆனால் அடிக்கடி நடக்கும்: அமைப்பு இன்னும் சரிசெய்யும் நிலையிலேயே இருப்பது. பொத்தானை அழுத்தும்போது மிகச் சிறிய 'டிக்' கேட்டு, டீரெய்லர் மயிரிழை நகர்ந்து, கியர் மட்டும் மாறவில்லை என்றால் இதுதான். அந்த நிலையிலிருந்து வெளியேறுங்கள். அதற்குள் எத்தனை முறை எந்தப் பக்கம் அழுத்தினீர்கள் என்பது நினைவில்லை என்றால் கீழே சொல்லும் சரிசெய்தலை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

ஸ்ராமில் பாகம் ஒன்றை மாற்றிய பிறகு இப்படி ஆனால், பாகங்களை வயரின்றி ஒன்றோடொன்று பேச வைக்கும் இணைத்தல் விட்டுப்போயிருக்கும். பின் டீரெய்லரின் பொத்தானைப் பச்சை விளக்கு மெதுவாக மினுக்கும் வரை பிடியுங்கள். பிறகு முன் டீரெய்லர், இரண்டு லீவர்கள் என ஒவ்வொன்றின் பொத்தானையும் விளக்கு வேகமாக மினுக்கும் வரை பிடியுங்கள். கடைசியில் பின் டீரெய்லரின் பொத்தானை ஒருமுறை அழுத்தி முடியுங்கள். தொடங்குவது எப்போதும் பின் டீரெய்லரில்தான்.

முன்பக்கம் மட்டும் நின்றுவிட்டது

டிஐ2 என்றால் உடனே சார்ஜ் பாருங்கள். பேட்டரி குறையும்போது முதலில் முன் டீரெய்லர் நிறுத்தப்படும், பின்பக்கம் இன்னும் சிறிது நேரம் ஓடும். அதன் பிறகு கடைசியாக இருந்த கியரிலேயே அதுவும் நின்றுவிடும். முன்பக்கம் நின்றதும் வீட்டுக்குப் போகும் வழிக்கு ஏற்ற கியரை முன்கூட்டியே தேர்ந்து அதிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஸ்ராமில் இப்படி ஒரு வரிசை கிடையாது, அந்தந்தப் பேட்டரி தீரும்போது அந்தந்தப் பாகம் நிற்கும். ஈடேப் விளக்குக் கணக்கு இது: பச்சை என்றால் 15 முதல் 60 மணி நேரம், நிலையான சிவப்பு என்றால் 6 முதல் 15 மணி, மினுக்கும் சிவப்பு என்றால் 6 மணிக்கும் குறைவு. ஸ்ராமில் முன்பக்கம் மாற இரண்டு லீவரையும் ஒருசேர அழுத்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு லீவரின் பட்டன் செல் செத்தாலும் முன்பக்கம் செத்ததுபோலவே தோன்றும்.

ஒரு லீவர் மட்டும் பேசவில்லை

பட்டன் செல். ஸ்ராம் லீவரில் சிஆர்2032, வயரில்லா டிஐ2 லீவரில் சிஆர்1632. இவை மெதுவாகச் சாகாது. ஒரு நாள் பத்து அழுத்தலில் ஒன்று தவறும், அடுத்த நாள் முழுமையாக நின்றுவிடும். விட்டுவிட்டுத் தவறும் லீவருக்குப் புது செல் போடுவதுதான் மலிவான முதல் சோதனை. இரண்டு லீவருக்கும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள்.

செல்லைத் துணியால் துடைத்து, தகட்டுத் தொடர்புகள் வளையாமல் போடுங்கள். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்கள் சில கருவிகளில் சரியாகத் தொடாது, அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மூடியின் ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். வியர்வை உள்ளே இறங்குவது அந்த வழியாகத்தான். செல் மாற்றியதற்காக மறுபடி இணைக்கத் தேவையில்லை.

எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி கரகரப்பு

இங்கே 'எல்லா' என்பதுதான் முக்கியமான சொல். சிறியதிலிருந்து பெரியது வரை ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே பக்கமாக உரசல் இருந்தால், டீரெய்லர் மொத்தமாகச் சற்றே தள்ளி நிற்கிறது. மின்னணு கியரில் மிக எளிதாகத் தீரும் கோளாறு இதுதான்.

11-வேக டிஐ2-வில் முறை இப்படி. முன்னால் பெரிய செயின்ரிங், பின்னால் பெரியதிலிருந்து ஐந்தாவது பல்சக்கரம். சரிசெய்யும் நிலைக்குப் போங்கள். பெடலைச் சுற்றிக்கொண்டே டீரெய்லரை உள்பக்கமாக ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். செயின் பக்கத்திலுள்ள நான்காவது பல்சக்கரத்தை லேசாகத் தொட்டு ஓசை எழும்பும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து வெளிப்பக்கமாக நான்கு படி திரும்புங்கள். அவ்வளவுதான். மேலும் கீழும் மாற்றிப் பார்த்து, தேவையானால் ஒரு படி கூட்டலாம், குறைக்கலாம். 12-வேகத்திலும் தத்துவம் இதுவே, எத்தனை படி திரும்புவது என்பதை மட்டும் அந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ராமில் லீவரின் உள்பக்கச் சிறு பொத்தானைப் பிடித்துக்கொண்டே கியர் துடுப்பை அழுத்த வேண்டும். இடது லீவர் டீரெய்லரை உள்ளே நகர்த்தும், வலது லீவர் வெளியே. ஓடும்போதே செய்யலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: உள்ளே ஒரு படி, வெளியே ஒரு படி என்று தட்டிக்கொண்டே போனால் தொடக்கப் புள்ளி எங்கே என்பது தொலைந்துவிடும். எண்ணி நகர்த்துங்கள்.

நான்கைந்து படிக்கு மேல் திருப்ப வேண்டிய நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள். நேற்று வரை சரியாக இருந்த அமைப்பு இன்று அவ்வளவு தள்ளிப்போகக் காரணம் மோட்டாரில் இல்லை. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

சில கியரில் சரி, சில கியரில் தவறு. அல்லது ஸ்டாண்டில் சரி, சாலையில் தவறு

மின்னணு கியர் பற்றிய புகார்களில் மிகுந்த நேரத்தை விழுங்குவது இது. கோளாறின் வடிவத்தைக் கவனித்தால் காரணம் தானே வெளிவரும்.

சிறிய பல்சக்கரங்களில் சரிசெய்தால் பெரியவற்றில் உரசுகிறது, பெரியவற்றில் சரிசெய்தால் சிறியவற்றில் உரசுகிறது. எந்தப் புள்ளியிலும் முழு கேசட்டும் அமைதியாகாது. இது ஹேங்கர் வளைவின் கையொப்பம். 11, 12 வேக கேசட்டில் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஹேங்கர் சாய்ந்தால் டீரெய்லரின் மேல் சக்கரம் பல்லுக்கு நேராக நிற்காமல் கோணலாக நிற்கும். அந்தக் கோணலின் விளைவு ஒவ்வொரு பல்சக்கரத்திலும் வேறு வேறு அளவில் வெளிப்படும். மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே திருத்தத்தைத்தான் சேர்க்கும். அதனால் படி கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்யவே முடியாது.

கண்ணால் பார்த்து ஹேங்கர் நேர் என்று முடிவு செய்யாதீர்கள். டீரெய்லரைக் கழற்றி, ஹேங்கர் அளவுகோலை அந்தத் துளையில் திருகி, அதன் முனையைச் சக்கர விளிம்பின் ஒரு புள்ளியில் வைத்து இடைவெளியை அளவிடுங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றி அதே புள்ளியை மேலே, முன்னே, கீழே, பின்னே கொண்டுபோய் அளவிடுங்கள். அதே புள்ளி என்பது முக்கியம், இல்லாவிட்டால் விளிம்பின் கோணலை ஹேங்கரின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். நான்கு இடத்துக்கும் இடையே வேறுபாடு 3, 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிமிர்த்த வேண்டும். 12-வேகத்துக்கு அதையும் பாதியாக்கினால் நிம்மதி. அலுமினிய ஹேங்கர் இரண்டு மூன்று முறை நிமிர்த்தினால் களைத்துவிடும், அதன் பிறகு புதிது போடுங்கள். கையிருப்பாக ஒன்று எப்போதும் இருக்கட்டும், ஏனெனில் ஹேங்கர்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறுபடும்.

புது ஹேங்கரும் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். போட்டதும் அளவிடுங்கள். டீரெய்லர் போல்ட்டை 8 முதல் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள் என்பது ஷிமானோவின் அளவு. ஹேங்கரை ஃபிரேமோடு பிடிக்கும் சிறிய ஸ்க்ரூவையும் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் ஸ்டாண்டில் எல்லாம் கச்சிதமாக இருக்கும், மிதிக்கும் சுமையில் ஹேங்கர் நகரும், சாலையில் மட்டும் கியர் தவறும். ஆக்ஸில் முழுதாக இறுகாமல் இருந்தாலும் இதே அறிகுறிதான்.

வேறு வடிவங்களும் உண்டு. ஒன்றிரண்டு பல்சக்கரங்களில் மட்டும், பலமாக மிதிக்கும்போது மட்டும் செயின் துள்ளினால், அந்தப் பற்கள் தேய்ந்துவிட்டன. புதுச் செயின் போட்ட அன்று இது தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். கேசட் முழுவதும் ஆக்ஸில் திசையில் அசைந்தால் பூட்டு வளையம் இறுகவில்லை, ஷிமானோவுக்கு 30 முதல் 50 நியூட்டன் மீட்டர். அல்லது கேசட்டுக்குப் பின்னால் ஹப்பில் போடும் இடைவளையம் விட்டுப்போயிருக்கும். 11-வேக ஹப்பில் 11-34 போன்ற சில கேசட்டுகளுக்கு 1.85 மில்லிமீட்டர் வளையம் தேவை.

தட்டல் ஓசை சீரான இடைவெளியில் வருகிறதா? எண்ணுங்கள். பெடல் இரண்டு, மூன்று சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 50 பல் செயின்ரிங்கில் செயின் ஒருமுறை முழுதாகச் சுற்றி வர ஏறக்குறைய இரண்டேகால் சுற்று ஆகும். பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, டீரெய்லரின் கீழ்ச் சக்கரத்தைக் கடக்கும்போது துள்ளும் கண்ணியைக் கண்டுபிடியுங்கள்.

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறி, சில வினாடியில் தானே இறங்கிவிடுகிறது

கேபிள் கியரில் பழகிய கைகள் செய்யும் தவறு இதில் தெரியும். டிஐ2-வின் உள்பக்க லிமிட் ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டார்கள். மோட்டார் தன் இலக்குக்குப் போக முயல்கிறது, ஸ்க்ரூ தடுக்கிறது, அமைப்பு இதைக் கோளாறு என்று உணர்ந்து சுமார் ஐந்து வினாடியில் ஒன்றிரண்டு பல்சக்கரம் பின்வாங்குகிறது. கூடவே மோட்டார் ஓசை ஓயாமல் இருக்கலாம், பேட்டரியும் வேகமாகக் கரையும்.

மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டு, உள்பக்க ஸ்க்ரூவை அது இணைப்புக் கரத்தைத் தொடும் வரை மட்டும் திருகுங்கள். தொட்டதும் நிறுத்துங்கள். பிறகு மிகச் சிறியதற்கு மாற்றி, வெளிப்பக்க ஸ்க்ரூவைத் தொடும் வரை திருகி, ஒரு முழுச் சுற்று திரும்பத் தளர்த்துங்கள். சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கும்போது டீரெய்லர் ஒரு கணம் சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பும், அதற்கான இடம் இது. அந்த ஒரு சுற்றை விட்டுவிட்டால் சிறியதற்கு இறங்குவது எப்போதும் மந்தமாகவே இருக்கும்.

மின்னணு கியரில் இந்த ஸ்க்ரூக்கள் கியரைச் சரிசெய்வதற்கானவை அல்ல. வாசலில் நிற்கும் காவலாளி போல, செயின் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் வேலை. ஸ்ராமிலும் தொட வேண்டும், தள்ளக் கூடாது.

மாறுகிறது, ஆனால் சுணக்கம்

முதலில் செயினை அளவிடுங்கள். 11, 12 வேகத்தில் தேய்மானம் 0.5 சதவீதத்தை எட்டினால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த செயின் பக்கவாட்டில் அதிகம் வளையும். மோட்டார் சரியான இடத்துக்கு வந்து நிற்கும், செயின் மட்டும் பல்லில் ஏறத் தயங்கும். 'பழைய கூர்மை இல்லை' என்ற புகாருக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். ஸ்ராமின் 12-வேக ஏஎக்ஸ்எஸ் சாலைச் செயினில் உருளைகள் பெரியவை, மேல்விளிம்பு தட்டையானது. அதற்குப் பதிலாக வேறு 12-வேகச் செயினைப் போட்டுவிட்டுத் திருத்தம் தேடுவதில் பயனில்லை.

அடுத்தது டீரெய்லரின் மேல் சக்கரத்துக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி. பெரும்பாலான சாலை டிஐ2-வில் 5, 6 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஸ்ராமில் இதற்கென்று ஓர் அளவுகருவி தருகிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள். இடைவெளி கூடினால் செயின் வழிகாட்டலின்றித் தொங்கும் நீளம் கூடும், கியர் மாற்றம் குழைந்துபோகும். குறைந்தால் பெரிய பல்சக்கரத்தில் சக்கரம் பல்லில் இடித்து உறுமும். பெரிய கேசட்டுக்கு மாறியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அமைப்புகள் பற்றி: டிஐ2-வின் ஈ-டியூப் ப்ராஜெக்ட் ஆப்பில், பொத்தானை அழுத்திப் பிடித்தால் அடுக்கடுக்காகக் கியர் மாறும் வேகத்தை ஐந்து நிலைகளில் தேர்ந்தெடுக்கலாம். மிக வேகமான நிலை கவர்ச்சியானது. ஆனால் பெடல் மெதுவாகச் சுற்றும்போது டீரெய்லர் செயினை முந்திக்கொண்டு ஓடும், செயின் பற்களின் மேலேறி உராயும், விரும்பிய கியரைத் தாண்டியும் போகும். பெடல் சுழற்சி குறைவாக உள்ளவர்களுக்கு நடு நிலையே போதும் என்பது எங்கள் கருத்து. எத்தனை கியர் வரை தாவலாம் என்பதற்கு வரம்பும் வைக்கலாம்: இரண்டு, மூன்று, அல்லது வரம்பில்லை. ஏற்றத்தில் தவறுதலாக நான்கு கியர் தாவிவிடுகிறது என்பவர்கள் இரண்டில் நிறுத்திவிடலாம்.

ஒற்றைக் கியர் மாற்றம் மந்தமாக இருப்பதை இந்த வேக அமைப்பு பெரிதாக மாற்றாது. அது செயின், ஹேங்கர், இடைவெளி ஆகியவற்றின் கையில் இருக்கிறது.

முன்பக்கம் ஏறவில்லை, அல்லது செயின் விழுகிறது

முன் மோட்டார் பலசாலி. செயின் மீது எவ்வளவு சுமை இருந்தாலும் தள்ளப் பார்க்கும். ஆகவே ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்தபடி முன்கியரை மாற்றிவிட்டுச் செயின் விழுந்ததற்கு டீரெய்லரைக் குறை சொல்வது நியாயமில்லை. பொத்தானை அழுத்தும் அரைச் சுற்றுக்கு மட்டும் கால் பலத்தைக் குறையுங்கள்.

அதற்குப் பிறகும் சிரமம் என்றால் உயரமும் கோணமும் பாருங்கள். செயினைத் தள்ளும் முன் டீரெய்லர் கூண்டின் வெளித்தகட்டுக்கும் பெரிய செயின்ரிங் பல்லுக்கும் 1 முதல் 3 மில்லிமீட்டர், தகடு செயின்ரிங்குக்கு இணையாக. ஃபிரேமில் நேரடியாகப் பொருத்தப்படும் ஷிமானோ முன் டீரெய்லரில் ஃபிரேமை முட்டி நிற்கும் ஒரு தாங்கு போல்ட் உண்டு. அதைத் திருகி முட்ட வைக்காவிட்டால், மோட்டார் தள்ளும்போது டீரெய்லரே பின்னோக்கி வளையும். பெரிய செயின்ரிங்குக்கு ஏறுவது அரைமனதாக இருப்பதற்கு இது பெருங்காரணம். போல்ட் முட்டும் இடத்தில் சிறிய உலோகத் தகடு ஒட்டப்பட்டிருக்க வேண்டும், கார்பன் ஃபிரேமில் கட்டாயம்.

பிறகு பெரிய செயின்ரிங், மிகப் பெரிய பல்சக்கரம் என வைத்து, செயினுக்கும் உள்தகட்டுக்கும் 0 முதல் 0.5 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி சரிசெய்யுங்கள். பின்பக்கக் கியருக்கு ஏற்ப டிஐ2 முன் கூண்டைத் தானே நகர்த்திக்கொள்ளும். பின்னால் மாற்றும்போது முன்னால் கேட்கும் சிறு மோட்டார் ஒலி அதுதான், கோளாறு அல்ல. ஆனால் இந்தத் திருத்தம் ஒரு சரியான தொடக்கப் புள்ளியை நம்பியே நடக்கிறது.

சொல்லாமலே கியர் மாறுகிறது

பேய் அல்ல. ஒத்திசைவு நிலை. டிஐ2-வில் முழு ஒத்திசைவில் பின்கியர் ஒரு கட்டத்தை எட்டும்போது முன்பக்கம் தானே மாறும். அரை ஒத்திசைவில் முன்னால் மாற்றினால் பின்பக்கம் ஈடு செய்து ஒன்றிரண்டு கியர் நகரும். இணைப்புப் பெட்டியிலோ 12-வேகப் பின் டீரெய்லரிலோ உள்ள பொத்தானை இருமுறை தட்டினால் நிலை மாறிவிடும் என்பதால், சைக்கிளைத் துடைக்கும்போது தெரியாமல் மாற்றியிருக்கலாம். ஏஎக்ஸ்எஸ் ஆப்பிலும் இதே போன்ற இரண்டு நிலைகள் உண்டு. கைமுறை நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். அதன் பிறகும் நடந்தால், லீவர் பொத்தான் ரப்பருக்குக் கீழ் அழுந்திக் கிடக்கிறதா என்று லீவர் உறையை மடித்துப் பாருங்கள்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

டிஐ2 ஒரு சார்ஜில் ஆயிரம் கிலோமீட்டர் அளவு ஓடும். ஸ்ராம் சுமார் 60 மணி நேரம். இதில் பாதிகூட வரவில்லை என்றால் மோட்டார் எதையோ எதிர்த்து உழைக்கிறது: இறுகிய லிமிட் ஸ்க்ரூ, மண் ஏறி இறுகிய இணைப்புகள், முன் டீரெய்லரில் தடை. எப்போதும் முன்கியரை மாற்றிக்கொண்டே ஓட்டுபவருக்கும் குறையும், முன் மோட்டார்தான் அதிகம் உண்ணும்.

ஸ்ராமுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதன் பாகங்கள் அசைவை உணர்ந்து விழித்துக்கொள்ளும். காரின் மேல் சைக்கிளைக் கட்டி நெடுந்தூரம் போனால் அதிர்வு முழுவதும் விழித்தே இருக்கும். பேட்டரிகளைக் கழற்றி மூடிகளைப் போட்டுவிடுங்கள். பெட்டியில் அடைக்கும்போது லீவர் எதிலும் அழுந்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் எல்லா லித்தியம் பேட்டரியும் குறைவாகத்தான் தரும், அது பழுதல்ல. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் முழுக்கக் காலியான நிலையில் விடாதீர்கள்.

சக்கரம் மாற்றியதும் கெட்டுவிட்டது

ஹப்புக்கு ஹப்பு கேசட் உட்காரும் இடம் மில்லிமீட்டரின் ஒரு பங்கு வேறுபடும். கேபிளில் இதற்குத் திருகைத் தேட வேண்டும், இங்கே ஒன்றிரண்டு படி நகர்த்தினால் போதும். எந்தச் சக்கரத்துக்கு எத்தனை படி என்று எழுதி ஆக்ஸில் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு படிக்குள் அடங்கவில்லை என்றால் இடைவளையத்தைச் சந்தேகியுங்கள்.

கழுவியபின் அல்லது மழைக்குப்பின் விட்டுவிட்டு வேலை செய்கிறது

இந்தப் பாகங்கள் மழையைத் தாங்கும், உயரழுத்த நீர்த்தாரையைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டிஐ2-வில் ஒவ்வொரு வயர் முனையையும் கருவியால் கழற்றி, ஈரம், பச்சை நிறப் படிவு இருக்கிறதா பார்த்து, உலரவிட்டு மீண்டும் செருகுங்கள். பயன்படுத்தாத துளைகளுக்கு அடைப்பான் கட்டாயம். ஸ்ராமில் பேட்டரியைக் கழற்றி இரு பக்கத் தொடர்புகளையும் உலர்த்துங்கள். கழுவும்போது பேட்டரியை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள், திறந்த தொடர்புகளில் நீர் அடிப்பதைவிட அது பாதுகாப்பு. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் அடுத்த மழைக்கு முன் மாற்றுங்கள். துளை ஈரமாக இருக்கும்போது சார்ஜ் வயரைச் செருகாதீர்கள்.